சீட் மாற்றியபின் அணையாத ஏர்பேக் விளக்கு: படிப்படியாக ஒரு வழிகாட்டி

காரின் முன் சீட்டை மாற்றுவது பார்க்க மிரட்டினாலும் சின்ன வேலைதான். நாலு போல்ட், அடியில் இரண்டு மூன்று கனெக்டர், தூக்குவதற்கு ஓர் ஆள் துணை. ஒரு மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். அப்புறம் சாவியைத் திருப்பும்போதுதான் சங்கதி தெரியும். டேஷ்போர்டில், பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளும் அவருக்கு முன்னால் ஒரு பந்தும் போல வரைந்த அந்தச் சின்ன விளக்கு எரியும். எரிந்துகொண்டே இருக்கும்.

முதல் தடவை எனக்கு இது நடந்தது ஒரு தூறலால். பழைய சீட்டைக் கழற்றி வெளியே வைத்தாயிற்று, திடீரென்று மழைத்துளி விழுந்தது, ஜன்னல் கண்ணாடி இறங்கிக் கிடந்தது. ஏற்றிவிடலாமே என்று சாவியைப் போட்டேன். பத்து வினாடிகூட இருக்காது. புதுச் சீட்டை ஒழுங்காக மாட்டி, எல்லாக் கனெக்டரையும் சொருகிய பிறகும் விளக்கு அணையவில்லை. பேட்டரி வயரைக் கழற்றி ஒரு ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன். காலையில் கடிகாரம் நேரத்தை மறந்திருந்தது, ரேடியோ தன் ஸ்டேஷன்களை மறந்திருந்தது. அந்த விளக்கு மட்டும் எதையும் மறக்கவில்லை.

என்னைப்போல ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கும், இனிமேல்தான் சீட்டில் கை வைக்கப்போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இனிமேல் செய்யப்போகிறவர்களுக்குப் பாதி வேலையை இங்கேயே சொல்லிவிடலாம்: சீட்டுக் கனெக்டர் கழன்றிருக்கும்போது இக்னிஷனை ஆன் செய்யவே செய்யாதீர்கள். கண்ணாடி ஏற்ற வேண்டாம், பாட்டு கேட்க வேண்டாம், வண்டியை இரண்டடி நகர்த்தவும் வேண்டாம்.

விளக்குக்கு எப்படித் தெரிகிறது?

ஏர்பேக்குகளுக்கென்று காரில் தனியாக ஒரு கம்ப்யூட்டர் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் அதை இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே, கியர் பகுதிக்கு அடியில் தரைத் தகட்டோடு சேர்த்து முடுக்கியிருப்பார்கள். இக்னிஷன் ஆனதும் அது ஒவ்வொரு ஏர்பேக்குக்கும், விபத்தில் பெல்ட்டை இழுத்து இறுக்கும் ப்ரீடென்ஷனருக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி அந்தச் சுற்றின் மின்தடையை அளக்கிறது. ஏர்பேக்கைப் பற்றவைக்கும் திரியின் மின்தடை வழக்கமாக 2 ஓம் பக்கத்தில் இருக்கும். அதை ஒட்டி வந்தால் கம்ப்யூட்டருக்குத் திருப்தி. மிக அதிகமாக வந்தால் கம்பி எங்கோ விட்டுப்போயிருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டி வந்தால் எங்கோ ஷார்ட் என்று அது முடிவு கட்டும். கூடவே அந்தத் தீர்ப்பை ஒரு கோளாறுக் குறியீடாக எழுதி வைத்துக்கொள்ளும்.

அந்தக் குறியீட்டை எழுதி வைப்பது, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில். விபத்துக்குப் பின் பேட்டரி நசுங்கிப்போனாலும் என்ன நடந்தது என்ற பதிவு மிஞ்ச வேண்டும் அல்லவா? என் ராத்திரி முழுக்கக் காத்திருப்பு வீணானது இதனால்தான். இயந்திரக் கோளாறு விளக்குக்குச் சிலசமயம் பலிக்கும் பேட்டரி வைத்தியம் இதற்குப் பெரும்பாலும் பலிக்காது.

சாவியைத் திருப்பியதும் ஆறேழு வினாடி எரிந்து அணைவது சரியான வண்டியின் அடையாளம். அந்த நேரத்தில்தான் மேலே சொன்ன பரிசோதனை நடக்கிறது. எரியவே இல்லையென்றால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். அது இன்னும் மோசம். விளக்கே பழுதாகியிருக்கலாம், அல்லது கோளாறை மறைத்து விற்பதற்காக யாரோ அதை எடுத்துவிட்டிருக்கலாம்.

விளக்கு எரியும்போது வண்டி வழக்கம்போல ஓடுவதால் பலரும் அதை அலங்காரமாக விட்டுவிடுகிறார்கள். பல கார்களில் ஒரு சுற்றில் கோளாறு என்றால் ஏர்பேக் அமைப்பு முழுவதுமே வேலை செய்யாமல் நின்றுவிடும். சீட்டுக்கு அடியில் ஒரு கனெக்டர் தளர்ந்ததற்கு ஸ்டீயரிங் ஏர்பேக்கும் சேர்ந்து விடுப்பு எடுத்துக்கொள்ளும்.

சீட்டுக்குள் என்னதான் இருக்கிறது?

சீட் வெறும் பஞ்சும் துணியுமாக இருந்த காலம் போய்விட்டது. பக்கவாட்டு ஏர்பேக்கை 1990களின் நடுவில் வால்வோ தன் 850 மாடலில் சீட்டுக்குள் வைத்து அறிமுகப்படுத்தியது; இப்போது ஏராளமான கார்களில் அது முதுகுச் சாய்வின் கதவுப் பக்க ஓரத்தில் இருக்கிறது. அந்த ஓரத்தில் ஏர்பேக் என்று தைத்த சின்னத் துணிப்பட்டையைப் பார்க்கலாம். அதைத் தவிர, பக்கிளில் பெல்ட் போட்டாயிற்றா என்று சொல்லும் சுவிட்ச், சில வண்டிகளில் பக்கிளோடு சேர்ந்த ப்ரீடென்ஷனர், ஓட்டுநர் ஸ்டீயரிங்குக்கு எவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லும் தண்டவாளச் சென்சார் (தண்டவாளம் என்பது சீட் முன்னும் பின்னும் நகரும் இரும்புத் தடம்), பயணி சீட்டில் ஆள் இருக்கிறாரா, பெரியவரா குழந்தையா என்று கணிக்கும் எடைச் சென்சார். இவற்றில் எது ஒன்று காணாமல் போனாலும் விளக்கு எரியலாம். சீட்டை நகர்த்தும் மோட்டாரும் சூடாக்கும் கம்பியும் வேறு குடும்பம். அவற்றுக்கும் ஏர்பேக் விளக்குக்கும் சம்பந்தமில்லை.

அதனால் மாற்றுச் சீட் வாங்கும்போது "அதே கார்தானே" என்ற சமாதானம் போதாது. அதே மாடல், அதே தலைமுறை, முடிந்தால் அதே ஆண்டு, அதே வசதி நிலை. விலை குறைந்த ரகத்தில் பக்கவாட்டு ஏர்பேக் இல்லாமலும், உயர்ந்த ரகத்தில் எடைச் சென்சார் கூடுதலாகவும் இருக்கும். வாங்குவதற்கு முன் பழைய சீட்டையும் புதியதையும் குப்புறச் சாய்த்து, அடியிலுள்ள கனெக்டர்களின் எண்ணிக்கை, நிறம், வடிவம் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று குறைந்தால்கூட அந்தச் சீட்டைப் பணம் கொடுப்பதற்கு முன்பே மறந்துவிடுவது நல்லது. தைத்த ஓரம் பிரிந்திருந்தால் ஏர்பேக் வெடித்த சீட். கம்பி நுனிகளில் பச்சையாகப் பூத்திருந்தால் தண்ணீரில் மூழ்கிய வண்டியினுடையதாக இருக்கலாம். இரண்டும் வேண்டாம்.

கழற்றுவது

முதலில் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி முன் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள், அப்புறம் முழுக்க முன்னால் தள்ளிப் பின் போல்ட்டுகளை. மோட்டார் வைத்த சீட்டானால் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் சீட் நகராது, பின் போல்ட்டுக்கு ஸ்பேனர் எட்டாது, தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி பேட்டரியை மாட்ட வேண்டி வரும். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் எல்லோரும் ஒரு தடவை செய்கிற தப்பு இது. கனெக்டரில் மட்டும் இன்னும் கை வைக்காதீர்கள். தலைச்சாய்வை எடுத்துவிடுங்கள், கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள், பேட்டரி டிக்கியில் இருக்கிற வண்டியானால் டிக்கியைப் பூட்டிக்கொள்ளாதீர்கள்.

இப்போது இக்னிஷனை ஆஃப் செய்து, சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, தானாகப் போய்த் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். பிறகு காத்திருங்கள். விபத்தின்போது பேட்டரித் தொடர்பு அறுந்தாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரு கெப்பாசிட்டர் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். அது வடிய வேண்டும். 90 வினாடி போதும் என்று சொல்லும் கையேடுகளும் உண்டு, 3 நிமிடம், 10 நிமிடம் என்று சொல்பவையும் உண்டு. நான் எந்த வண்டியானாலும் கால் மணி நேரம் விடுவேன். டீ குடித்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும்.

சீட்டைப் பின்பக்கமாகச் சாய்த்தால் கனெக்டர்கள் தெரியும். மஞ்சள் நிறத்தில் இருப்பவைதான் பெரும்பாலும் ஏர்பேக்குக்கும் ப்ரீடென்ஷனருக்கும் உரியவை. அவற்றில் இரட்டைப் பூட்டு இருக்கும்: முதலில் ஒரு சின்னத் தாழ்ப்பாளை வெளியே இழுக்க வேண்டும், பிறகே உள் நாக்கை அழுத்த முடியும். வராவிட்டால் வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், டார்ச் அடித்துப் பூட்டின் அமைப்பைப் பாருங்கள். எப்படி மாட்டியிருந்தது என்று கழற்றுவதற்கு முன் போனில் நாலு படம் எடுத்து வையுங்கள்.

இந்தக் கனெக்டருக்குள் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. பிரித்த உடனே உள்ளிருக்கும் ஒரு மெல்லிய உலோகப் பட்டை ஏர்பேக்கின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்துவிடும். உங்கள் உடம்பிலுள்ள நிலைமின்சாரம் தவறிப்போய் ஏர்பேக்கைப் பற்றவைக்காமல் இருக்கத்தான் இது. மாட்டும்போது அந்தப் பட்டை விலகிக்கொள்ளும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெளியே எடுத்த சீட்டை நிமிர்த்தி, ஏர்பேக் உள்ள ஓரம் சுவரிலோ ஆட்கள் மேலோ படாமல் திறந்த வெளியைப் பார்க்கும்படி வையுங்கள். கீழே போடக்கூடாது.

மாட்டுவது

தலைகீழ் வரிசைதான், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்டவாளத்துக்கு அடியில் கம்பளமோ வயரோ நசுங்குகிறதா என்று பாருங்கள். கனெக்டர் முனைகளில் வளைந்த பின் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் நோக்குங்கள். கிளிக் என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்தி, இரண்டாவது பூட்டையும் தள்ளி மூடுங்கள். இரண்டாவது பூட்டு மூட மறுத்தால் முதல் பூட்டு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். சுத்தியலை எடுக்காமல் கழற்றி மறுபடி சொருகுங்கள். நாலு போல்ட்டையும் முதலில் கையால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, பிறகு உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். பெல்ட்டின் பக்கிள் அந்தச் சீட்டோடுதான் இணைந்திருக்கிறது. விபத்தில் உங்கள் எடையைத் தாங்கப்போவது இந்தப் போல்ட்டுகள்.

எல்லாம் மாட்டிய பிறகுதான் பேட்டரி. நெகட்டிவ் முனையை மாட்டும்போது வண்டிக்குள் யாரும் இருக்க வேண்டாம். முதல் தடவை இக்னிஷனை ஆன் செய்யும்போது ஏர்பேக்குகளுக்கு எதிரே தலையை நீட்டாமல், ஓரமாக நின்று கையை மட்டும் உள்ளே விட்டுச் செய்யுங்கள். ஒன்றும் ஆகாது. ஆனாலும் பழக்கம் நல்லது.

இடையில் இக்னிஷனை ஆன் செய்யாதவர்களுக்கு, பொருத்தமான சீட் என்றால், விளக்கு ஆறேழு வினாடியில் அணைந்துவிடும். வேலை முடிந்தது. அணையாதவர்கள் தொடருங்கள்.

குறியீட்டைப் படித்து, அழிப்பது

இங்கேதான் புதியவர்கள் காசை விடுகிறார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கோளாறுக் குறியீடுகளைப் படிப்பதற்கென்று உள்ள ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் மலிவான கருவிகள் பலவும் இயந்திரக் குறியீடுகளை மட்டுமே படிக்கும். ஏர்பேக் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. இயந்திரக் குறியீடு பெட்ரோலில் வரும் 'பி'யில் தொடங்கும். ஏர்பேக் குறியீடு பேட்டரியில் வரும் 'பி'யில் தொடங்கும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரிவது நம் துரதிர்ஷ்டம். கடையில் வாங்கும்போது இரண்டாவது 'பி'யைப் படிக்குமா என்று கேளுங்கள். பெட்டியில் ஏர்பேக் அல்லது எஸ்ஆர்எஸ் (ஏர்பேக் அமைப்பின் இன்னொரு பெயர்) என்றும், உங்கள் காரின் பெயரும் இருக்க வேண்டும். லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு வேறு மென்பொருள்களும் உண்டு: ஃபோர்டு, மாஸ்டா வண்டிகளுக்கு ஃபோர்ஸ்கேன், ஃபோக்ஸ்வாகன், ஆடி, ஸ்கோடா வண்டிகளுக்கு விசிடிஎஸ். ஒரே ஒரு தடவைக்குத்தான் என்றால் ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கிடம் போவது மேல்.

பழைய மாடல்கள் சிலவற்றில் ஸ்கேனர் இல்லாமலே அழிக்க முடியும். குறித்த தாளத்தில் சாவியை ஆன், ஆஃப் செய்வது, அல்லது டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள ஒரு சின்னக் கனெக்டரின் முனைகளைக் குறித்த நேரத்தில் இணைத்துப் பிரிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மந்திரம். உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருந்தால் மட்டும் செய்யுங்கள். வேறு வண்டிக்கு எழுதியதை உங்கள் வண்டியில் முயற்சி செய்யாதீர்கள்.

ஸ்கேனரை மாட்டியதும் கை நேராக அழிக்கும் பொத்தானுக்குப் போகும். பொறுங்கள். முதலில் படியுங்கள், எழுதி வையுங்கள். ஒவ்வொரு குறியீட்டுக்கும் பக்கத்தில் அது இப்போதும் இருக்கும் கோளாறா, எப்போதோ இருந்து போனதா என்று பல கருவிகள் காட்டும். பழைய கோளாறு என்று மட்டும் இருந்தால் அழித்துவிடலாம்: இக்னிஷன் ஆனில், இயந்திரம் ஓடாமல், அழிக்கும் கட்டளை. பிறகு ஆஃப் செய்து அரை நிமிடம் விட்டு, மறுபடி ஆன் செய்து விளக்கு அணைகிறதா என்று பார்த்து, மறுபடி ஒருமுறை படித்து, ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். என் தூறல் கதை இந்தக் கட்டத்தில் இரண்டே நிமிடத்தில் முடிந்தது.

இப்போதும் இருக்கும் கோளாறு என்றால் நூறு தடவை அழித்தாலும் திரும்பி வரும். குறியீட்டோடு வரும் விளக்கத்தைப் படியுங்கள். மின்தடை அதிகம் என்றால் கனெக்டர் விட்டிருக்கிறது, அல்லது புதுச் சீட்டில் அந்த உறுப்பே இல்லை. மின்தடை குறைவு என்றால், கனெக்டருக்குள் ஒரு பட்டை இருப்பதாகச் சொன்னேனே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்: கனெக்டர் பாதிதான் உள்ளே போயிருந்தால் பட்டை விலகாமல் இரண்டு முனைகளையும் இன்னும் தொட்டுக்கொண்டிருக்கும். பார்வைக்கு மாட்டிய மாதிரியே இருக்கும். பேட்டரியைக் கழற்றி, காத்திருந்து, மறுபடி அழுத்தி மாட்டினால் தீரும். வண்டியின் உலோக உடலோடு ஷார்ட் என்று வந்தால் தண்டவாளத்துக்கு அடியில் வயர் நசுங்கி உறை கிழிந்திருக்கலாம். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும்போது மட்டும் விளக்கு வந்து போனாலும் சந்தேகம் அதே வயர்மேல்தான்.

இந்தத் தேடலில் ஒரு காரியம் செய்யக்கூடாது. மல்டிமீட்டரை எடுத்து ஏர்பேக்கின் முனைகளில் வைத்து ஓம் அளக்காதீர்கள். மீட்டரும் அளப்பதற்காக மின்னோட்டத்தை அனுப்பத்தான் செய்கிறது. வாகனத் தயாரிப்பாளர்களின் கையேடுகள் இதைத் தடை செய்திருக்கின்றன. கிழிந்த மஞ்சள் வயரை டேப் சுற்றி ஒட்டுவதும் வேண்டாம். இந்தக் கட்டத்தில் வேலையைத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விபத்தைப் பதிவு செய்த கம்ப்யூட்டராக இருந்தால் சாதாரண ஸ்கேனர் அந்தப் பதிவை அழிக்காது. அது சீட்டின் பிரச்சினை அல்ல, வண்டியின் பழைய வரலாறு.

ரெசிஸ்டர் யோசனை

யாராவது உங்களிடம் இதைச் சொல்லியே தீருவார்கள்: சீட்டில் ஏர்பேக் இல்லையா, மஞ்சள் கனெக்டரில் 2 ஓம் ரெசிஸ்டர் (அவ்வளவு மின்தடை மட்டும் தரும் சின்ன உறுப்பு) ஒன்றைச் சொருகிவிடு, விளக்கு அணைந்துவிடும். உண்மைதான், பல வண்டிகளில் அணைந்துவிடும். கம்ப்யூட்டர் தேடுவது அந்த 2 ஓமைத்தானே. பந்தயப் பாதையில் மட்டும் ஓடும், தனிச் சீட்டும் நாலு முனை பெல்ட்டும் வைத்த வண்டிக்கு அவரவர் முடிவு. சாலையில் ஓடும் வண்டியில் இதை நான் செய்யமாட்டேன். இன்றைக்கு எனக்குத் தெரியும் அது பொய் என்று. மூன்று வருடம் கழித்து அந்தச் சீட்டில் உட்காருகிறவருக்குத் தெரியாது. வண்டியை விற்றால் வாங்குகிறவருக்கும் தெரியாது. சில வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக் இல்லை என்று கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்ய முடியும். பாதுகாப்பு குறைந்ததுதான் என்றாலும் அதிலாவது ஏமாற்று இல்லை.

பயணி சீட்டுக்கு மட்டும் ஒரு வேலை கூடுதல்

எடைச் சென்சார் உள்ள சீட்டை மாற்றினால் குறியீட்டை அழித்ததோடு முடியாது. அந்தச் சென்சாருக்குக் காலிச் சீட்டின் எடை எவ்வளவு என்று மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். டொயோட்டா இதைப் பூஜ்ஜியப் புள்ளி அளவீடு என்கிறது. சீட்டில் ஒரு பைகூட இல்லாமல், வண்டி சமதரையில் நிற்க, ஸ்கேனரிலிருந்து செய்ய வேண்டியது. மலிவான கருவிகளில் இந்த வசதி இருக்காது. மெத்தை, சென்சார், அதன் சின்னக் கம்ப்யூட்டர் மூன்றையும் ஒன்றாகவே அளவீடு செய்து, பிரிக்காமல் ஒரே தொகுப்பாக விற்கும் நிறுவனங்களும் உண்டு. அப்படிப்பட்ட சீட்டின் மெத்தையை மட்டும் மாற்றி உறையைத் தைத்துப் போட்டால் கணக்குத் தப்பும்.

செய்து முடித்ததும் பயணி ஏர்பேக் ஆஃப் என்று காட்டும் தனி விளக்கைக் கவனியுங்கள். பெரியவர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் அது அணைய வேண்டும். அணையவில்லை என்றால், மோதலில் அவருக்கு முன்னால் இருக்கும் ஏர்பேக் விரியாது. பிரதான விளக்கு அணைந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் இதைப் பலர் பார்ப்பதில்லை.

புதுச் சீட்டுக்கு உறை போடுவதானால் பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டுக்கென்று தைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஓரத்தையும் சேர்த்து இறுக்கிக் கட்டும் உறை, பை வெளியே வரும் வழியை அடைத்துவிடும்.

பாக்கி இருப்பது கழற்றி வைத்த பழைய சீட். அதற்குள் இன்னும் வெடிக்காத ஏர்பேக் உயிரோடு இருக்கிறது. குப்பையில் வீசுவதும், கிழித்துப் பார்ப்பதும், இரும்புக்காக எரிப்பதும், வீட்டில் நாற்காலியாக மாற்றிக் குழந்தைகளை உட்கார வைப்பதும் கூடாது. மஞ்சள் கனெக்டரைச் சும்மா விட்டு, உள்ளே ஏர்பேக் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டி, பழைய வண்டிகளை முறையாகப் பிரிப்பவரிடம் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.